தூப் கேட்ட சுவர்

எகிப்தில் எஸ்னா ஊருக்குத் தெற்கே நஃபீஸா தன் வருங்கால மருமகளுக்காகக் கட்டிய அறையின் மேற்குச் சுவர், பூச்சு காய்வதற்குள் மண்கல் கேட்க ஆரம்பித்துவிட்டது. தப்பு நஃபீஸாவுடையதுதான். எந்தக் காலத்துச் சுவர்களோ கரைந்து மேடாகிக் கிடக்கும் பழைய மண்ணை வெட்டி வயலுக்கு எருவாகப் போடுவது அங்கே எல்லாரும் செய்வது. மகன் ராழியின் கல்யாண அவசரத்தில், மிஞ்சிய எருமண்ணையும் வண்டலோடும் வைக்கோலோடும் குழைத்துச் சுவருக்குக் கல் அறுத்துவிட்டாள்.

தினமும் முற்பகலில் சுவருக்குள் ஒரு ஆண்குரல் யாரையோ வேலை ஏவியது. ஒன்றும் புரியவில்லை, ஒரே ஒரு சொல்லைத் தவிர: தூப். சாரத்தில் நிற்கும் கொத்தனார் இன்றும் கீழே இருப்பவனிடம் மண்கல் கேட்கும் அதே சொல், அதே சிடுசிடுப்பு. சுத்தமான அரபி என்றார் பள்ளிவாசல் ஷேக். எகிப்தின் பழைய மொழியான எங்கள் கிப்தியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது என்றார் பாதிரியார். சுவரோ இருவருக்கும் முந்தைய பேச்சில் கத்திக்கொண்டிருந்தது.

"யார் வீட்டுச் சொல்லா இருந்தா எனக்கென்ன? கூரை நிக்குமா, அதச் சொல்லுங்க!" என்று நஃபீஸா இருவரையும் விரட்டினாள். கேட்டது கிடைக்காத நாளில் சுவர் தன்னிலிருந்தே ஒரு கல்லை உருவிக்கொண்டது. அறை சரிந்தால் கல்யாணமும் சரியும். கல் உருவிய ஓட்டைக்குள் நஃபீஸா ஒரு கல்லை நீட்டினாள். சேறு படிந்த சில்லிட்ட விரல்கள் அதை வாங்கிக்கொண்டன.

"வாங்கிட்டானா?" என்றான் கொத்தனார் மஹ்ரூஸ், வாசலுக்கு வெளியே நின்றபடி.

"வாங்கிட்டான். உன்ன மாதிரியே, ஒரு நன்றி கிடையாது."

கல்யாணம் நடந்தது. மருமகள் இன்ஸாஃப் மறுநாளே பெட்டியைக் கட்டினாள்.

"அத்தை, உள்ள ஆள் இருக்கான்!"

"இருக்கட்டும்டி. அவன் பாட்டுக்கு வேல பாக்குறான். அந்தக் கல்ல எடு."

தாய்வீட்டை நினைத்து அழுதுகொண்டே எடுத்தாள். பிறகு அதுவே பழகிப்போனது. பிள்ளை பிறந்து நடக்கும்வரை இருவரும் மாறிமாறிக் கல் கொடுத்தார்கள். ஒருநாள் குரல் நின்றுவிட்டது. அதுதான் நஃபீஸாவுக்குப் பெரிய பயமாக இருந்தது. அன்று மாலையே சுவருக்குள் பறை முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். காலையில் ஒரு பெண் விசும்பும் சத்தம் கேட்டது.

இன்ஸாஃப் சுவரில் காதை வைத்துக் கேட்டாள்.

"அத்தை, அங்கயும் ஒருத்தி மருமகளுக்கு அறை கட்டியிருக்கா. பாவம், புது எடம், அழுவுறா."

அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை ஓட்டைக்குள் நீட்டினாள். மருதாணி இட்ட சின்னக் கை அதை வாங்கி, அவள் விரலை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு நஃபீஸா மாவு பிசையும்போதெல்லாம் ஓராளுக்குக் கூடுதலாகப் பிசைந்தாள்.