முன்வாசலுக்கு ஒரு சாய்தளம்

கணவர் மகாதேவனை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று மறுவாழ்வு மையத்தில் சொன்னபோது பர்வதத்துக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் வாசல்படிதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டே கல்படி, மொத்தமாகப் பதினெட்டு அங்குல உயரம். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் துவண்டுபோன மனிதரை, அதுவும் எண்பத்தைந்து கிலோ மனிதரை, சக்கர நாற்காலியோடு அதில் ஏற்றுவது அவளால் ஆகிற காரியமா?

எல்லாம் அந்த வீட்டால் வந்த வினை. எடிசனில் சௌகரியமாக இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகாதேவன் பிடிவாதமாக இதை வாங்கினார். நியூஜெர்சியில் ராரிட்டன் ஆற்றோரம் ஒரு சிற்றூர். அதன் பழைய தெருவில் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்றில் கட்டிய வெள்ளைப் பலகை வீடு. அவர் சிவில் பொறியாளர். உத்தரத்தை ஒரு ஆணிகூட இல்லாமல் கோத்திருக்கிறார்கள் என்று தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே விலை பேசி முடித்தார். பர்வதத்துக்குத் தெரிந்ததெல்லாம் சாய்ந்த தரையும் குளிர்காலத்தில் ஊதுகிற ஜன்னலும்தான்.

போதாததற்கு அந்தத் தெருவுக்கென்று ஒரு பழமைப் பாதுகாப்புக் குழு. வீதியைப் பார்த்த முகப்பில் எதை மாற்றினாலும் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். வந்த புதிதில் கதவுக்கு அரக்கு நிறம் அடித்ததற்கு நோட்டீஸ் வந்தது. திரும்பப் பச்சை அடித்தார்கள். குழுவின் தலைவி லோயிஸ் மூன்று வீடு தள்ளி இருந்தாள். எழுபது வயது, நிமிர்ந்த நடை. பர்வதம் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

வாசலில் மரச் சாய்தளம் ஒன்று வைக்க பர்வதம் மூன்று வாரத்துக்கு முன்பே மனு கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொதுக் கூட்டத்தில் விசாரணை என்று பதில் வந்தது. கூடவே, மனுவைப் பரிசீலித்தவரின் குறிப்பு: முகப்பு கெடும், பின்வாசலில் வைத்துக்கொள்ளலாம்.

பின்வாசல் இருபத்து நாலு அங்குல அகலம். நாற்காலி அதில் நுழையாது. இடித்து அகலப்படுத்தினாலும், அது பழைய சமையல்கட்டுக்குள் போய்த்தான் திறக்கும். அங்கிருந்து கூடத்துக்கு ஏற இன்னும் இரண்டு படி. மழை பெய்தால் கொல்லை முழுக்கச் சேறு வேறு.

கலிபோர்னியாவில் இருந்த மகள் அதிதி ஃபோனில் கொதித்தாள். "அம்மா, திஸ் இஸ் ரிடிகுலஸ். ஜஸ்ட் கெட் எ லாயர்."

"லாயர் வெச்சு, கேஸ் போட்டு, அது எப்போ முடியறது? வெள்ளிக்கிழமை அப்பா வரார்டீ."

"அப்போ ரீஹேப்லயே இன்னும் டூ வீக்ஸ் எக்ஸ்டெண்ட் பண்ணச் சொல்லு."

"இன்ஷூரன்ஸ் முடியாதுன்னுட்டான். அந்த ஊர்ச் சபையில போய் நின்னு பேசணுமாம். நான் என்னத்தப் பேசுவேன்?"

திங்கட்கிழமை மையத்துக்குப் போனபோது மகாதேவனிடம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள். அவருக்குப் பேச்சு மெதுவாகியிருந்ததே தவிர, தெளிவு போகவில்லை.

"நீ போய்ப் பேசு," என்றார். "லாயர் வேண்டாம். அந்தக் காலத்துல ராஜா இங்கிலாந்துல, மூவாயிரம் மைலுக்கு அந்தாண்ட இருந்தான். ரோடு போடணும்னா, பாலம் கட்டணும்னா, இந்த ஊர்க்காராளே கூடிப் பேசி முடிவு பண்ணிண்டா. அந்தப் பழக்கம் இன்னும் விடல. யார் எழுந்து நின்னாலும் கேட்டாகணும்."

"கேப்பா. கேட்டுட்டு முடியாதும்பா."

"அதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லணும் இல்லியா?" என்று பாதி வாயால் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை டவுன் ஹாலில் இருபது நாற்காலி போட்டிருந்தார்கள்; எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் குழுவினர் ஐந்து பேர். முதலில் ஒருவருடைய வேலியின் உயரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அந்த வேலிக்கே இவ்வளவு பேச்சென்றால் தன் கதி என்ன என்று பர்வதம் நினைத்தாள். மடியில் வைத்திருந்த காகிதத்தில் அளவுகளையெல்லாம் இங்கிலீஷில் எழுதி வந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் மைக் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம் என்று செயலாளர் கடிகாரத்தைத் தட்டிவிட்டார்.

பதினெட்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பதுவரை வாசித்தாள். குழுவில் கார்ல் என்று ஒருவர். ஓய்வு பெற்ற தச்சு ஆசிரியர். அவர் மரியாதையாகக் கையை உயர்த்தினார்.

"உங்கள் கணவர் விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனால் இந்தத் தெருவில் கட்டியபடியே நிற்கிற முகப்பு உங்களுடையது ஒன்றுதான். அதை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது எங்கள் கடமை. உங்களுக்குத்தான் பின்வாசல் இருக்கிறதே."

அந்தக் கடைசி வார்த்தையில் என்ன இருந்ததோ, பர்வதத்துக்குக் கையிலிருந்த காகிதம் கண்ணில் படவில்லை. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மகாதேவன் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் பாதிகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"கட்டியபடி என்றால், அந்தப் பின்வாசல் யாருக்காகக் கட்டியது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "வீட்டைக் கட்டியவர் செத்துப்போனபோது எழுதிய சொத்துப் பட்டியலின் நகலை என் கணவர் ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறார். ஒரு கறவைப் பசு, இரண்டு செம்புக் கொப்பரை, அதற்கு அடுத்த வரியில் டைனா என்று ஒரு கறுப்பின அடிமைப் பெண். கொப்பரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் எழுதியிருக்கிறார்கள். அவள் அந்தச் சமையல்கட்டுக்கு மேலே பரணில் படுத்திருப்பாள் என்று என் கணவர் சொல்வார். அந்த இருபத்து நாலு அங்குலக் கதவு அவளுக்கு."

கடிகாரத்தில் ஒரு நிமிஷம் மீதி இருந்தது. அதற்கு மேல் சொல்ல அவள் நினைத்து வந்தது எதுவும் இல்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. மாயவரத்தில் எங்கள் வீட்டிலும் பின்பக்கம் ஒரு சந்து உண்டு. கக்கூஸ் சுத்தம் பண்ணுகிற அம்மாள் அந்த வழியாகத்தான் வர வேண்டும். தண்ணீர் கேட்டால் என் அம்மா உயரத் தூக்கி ஊற்றுவாள். கல்யாணமாகி வருகிறவரை நான் தினம் பார்த்தேன். அது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. டைனாவின் பெயராவது ஒரு பட்டியலில் இருக்கிறது. அந்த அம்மாள் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. என் கணவர் முப்பத்தோரு வருஷம் இந்த மாநிலத்துக்குப் பாலம் கட்டினார். அவரைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். யாரையுமே சொல்லாதீர்கள்."

மணி அடித்தது. பர்வதம் வந்து உட்கார்ந்தாள். இதையெல்லாம் இத்தனை பேர் முன்னால் ஏன் சொன்னோம் என்று காது மடல்கள் சுட்டன.

லோயிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நாற்பது வருஷமாக இந்த ஊர் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்," என்றாள். "அந்த வீட்டு வாசலில் இருக்கிற வரலாற்றுப் பலகையின் வாசகம் நான் எழுதியது. டைனா எனக்குத் தெரியாது. நகலை நான் பார்க்கலாமா?"

"நாளைக்கே தருகிறேன்," என்றாள் பர்வதம்.

பிறகு அவர்கள் வேலிக்குப் பேசியதுபோலவே இதற்கும் பேசினார்கள். கல்லில் ஆணி அடிக்கக் கூடாது. சாய்தளம் தனியாக, தன் காலில் நிற்க வேண்டும். தேவை முடிந்தால் கழற்றி எடுக்க முடிய வேண்டும். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். நாலு பேர் சரி என்றார்கள். கார்ல் மட்டும், "மன்னிக்கவும், இல்லை," என்றார். நாலுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பர்வதத்துக்கு அழுகை வந்தது. ஐந்து நிமிஷம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேசி வைத்திருந்த தச்சருக்கு ஃபோன் போட்டாள். அவர் கையில் வேறு வேலை இருக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்றார். வந்த நிம்மதி கார் கிளம்புவதற்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் பட்டியலின் நகலை லோயிஸ் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தாள். லோயிஸ் வாசலிலேயே நின்று அந்த வரியைப் படித்தாள். விரலால் தடவி இன்னொரு தரம் படித்தாள். பிறகு, "சாய்தளம் எப்போது வருகிறது?" என்று கேட்டாள். பர்வதம் சொன்னாள்.

"மூன்று வாரமா? அது சரிப்படாது," என்று லோயிஸ் உள்ளே போய் யாருக்கோ ஃபோன் போட்டாள். அந்த ஊரில் தீயணைப்புப் படையே தொண்டர்கள்தான். சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் வருவார்கள். நூற்றைம்பது வருஷமாக அப்படித்தானாம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பிக்கப் வண்டி நிறையப் பலகையோடு தொண்டர்கள் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். பர்வதம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசியாக இறங்கியவர் கார்ல்.

அவள் வெளியே போனாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்கள் வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆமாம். இப்போது கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்," என்றார் கார்ல். "ஆனால் ஊர் முடிவு பண்ணியாகிவிட்டது. பண்ணினால் நன்றாகப் பண்ண வேண்டும். இவர்களை விட்டால் கல்லை உடைத்துவிடுவார்கள்." சொல்லிவிட்டுக் குனிந்து படியை அளக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் அவர்களுக்கு ரவா கிச்சடியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுபோய் வைத்தாள். ஒருவன் கிச்சடியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கார்ல் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நாலு மணிக்கெல்லாம் சாய்தளம் நின்றது. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியை ஒரு இரும்புத் தகடு மட்டும் மூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. ஓட்டுநர் நாற்காலியை இறக்கித் தள்ள, பர்வதம் கூடவே நடந்தாள். பாதி தூரத்தில் மகாதேவன் வலது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவளுக்குப் பக்கென்றது.

"என்னன்னா? தலை சுத்தறதா?"

அவர் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எட்டிப் பலகையின் அடியைப் பார்த்தார். "போல்ட் எல்லாம் சரியா இருக்கு," என்றார். "வாட்டம்கூட அங்குலத்துக்கு ஒரு அடி. யார் போட்டா?"

"வேண்டாம்னு ஓட்டுப் போட்டவர்."

மகாதேவனுக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டுநருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவனும் சிரித்தான். நாற்காலி தகட்டைத் தாண்டியபோது ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். உள்ளே வந்துவிட்டார்.

அவரைக் கட்டிலில் சாய்த்து, மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்ட பிறகு பர்வதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு வாரமாக ஆஸ்பத்திரி, மையம், வீடு என்று ஓடிய கால்கள் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தன.

"லோயிஸ் ஃபோன் பண்ணினா," என்றாள். "வாசல்ல இருக்கற வரலாற்றுப் பலகைல டைனா பேரையும் சேக்கணுமாம். என்ன எழுதறதுன்னு உங்களண்ட கேக்கணும்னா."

மகாதேவன் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகக் கோணி, ஆனால் சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது. அவள் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பட்டப்பகலில், உட்கார்ந்தபடியே தானும் கண்ணை மூடினாள்.