சௌந்திரத்தின் கழுத்தும் ஒன்றுக்கு ஒன்று நன்கொடையும்

1.

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்கவில்லை. சௌந்திரம் வீட்டு ஜன்னல் என் சமையலறைக்கு நேரே இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வறண்ட சேந்தமங்கலத்தில், ஒற்றைக் கண்ணீர்த்துளியாக சௌந்திரம்...’

(அடித்துவிட்டேன். போன வாரம்தான் மழை. அவளும் அழுகிற ஆளில்லை.)

2.

எங்கள் தெருத் தண்ணீரில் புளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. சௌந்திரத்தின் மகள் தமிழினி வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் வந்தது. அந்த நாட்டு மக்கள் எவ்வளவு போடுகிறார்களோ, அவ்வளவை அவர்கள் அரசாங்கமும் போடுமாம். மக்கள் போடாவிட்டால் அரசாங்கமும் போடாது. மக்கள் போடுவதற்கு ஒரு படம் வேண்டும்.

படத்துக்கு சௌந்திரம்.

3.

“அக்கா, தோடும் கொடியும் மட்டும் கழட்டிடுங்க. ரெண்டு நிமிஷம்” என்றான் அலெக்ஸ். நிறுவனத்துக்காகப் படமெடுக்க சேலத்திலிருந்து வந்தவன்.

“எதுக்குங்க தம்பி?”

“நகை போட்டிருக்கவங்களுக்கு எதுக்குக் காசுன்னு அங்க நெனப்பாங்க.”

“நகையக் கழட்டுனா தண்ணி சுத்தமாயிருமுங்களா? எம் புருசன் ரிக் வண்டில போயி ஊரூரா போர்வெல் போட்டுக்கிட்டு குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு. தாலிக்கொடியக் கழட்டச் சொல்றீங்க. உங்கூட்ல அம்மாகிட்ட இப்படிக் கேப்பீங்களா?”

அலெக்ஸ் கேமராவைத் துடைத்தான். அவன் அம்மா கழுத்திலும் தாலி உண்டு, சிலுவை பொறித்தது.

“வேற ஊர்ல நகையோட எடுத்தோங்க்கா. பணமே சேரல. கவர்மெண்டும் போடல.”

“அந்தக் கவருமெண்டுகிட்ட காசு இருக்குது. எங்க தண்ணி கெட்டதும் தெரியுது. அப்பறம் எங்கழுத்தப் பாத்துட்டுத்தான் குடுக்கோணுமா?”

(இங்கே நான் நடுநிலையாக இருக்க வேண்டுமாம். மாட்டேன். கொடுக்க வைத்திருக்கும் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறத்தியாருக்கு இரக்கம் வருகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பதற்குப் பெயர் உதவியா? பிறத்தியார் இரக்கப்படாத ஊர்க்காரன் எதைக் குடிப்பான்?)

4.

முடிவு ஒன்று: கழட்டுகிறாள். இயந்திரம் வருகிறது. தெருவே குடிக்கிறது. குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, “கொடியையே கழட்டிட்டாளாமே!” என்கிறது. முதலில் சொல்வது நானாகத்தான் இருக்கும்.

முடிவு இரண்டு: கழட்டவில்லை. இயந்திரமும் வரவில்லை. தமிழினி பொத்திய கையை எடுக்கவில்லை. “கழட்டியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?” என்று அதே தெரு...

இல்லை, இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. சௌந்திரத்தின் கை கொடியின் கொக்கியில் இருக்கிறது. அலெக்ஸ் காத்திருக்கிறான். வாசகரே, நீங்கள் எந்தப் படத்துக்குப் பணம் போடுவீர்கள்? முடிவுக்கு நீங்கள் ஒரு வரி போட்டால் நானும் ஒரு வரி போடுகிறேன். போடாவிட்டால், அவள் அப்படியே நிற்கட்டும்.