உட்கார்ந்திருந்த கூழைக்கடா

கூழைக்கடா மிதக்கிறது என்று நம்பித்தான் தோணியை அந்தப் பக்கம் விட்டேன். அது உட்கார்ந்திருந்தது.

எங்கள் கிண்ணியாப் பக்கத்தில், குடாவுக்குள் தோணி விடுகிறவர்களுக்கு ஆழம் பார்க்கப் பறவைகளே போதும். நாரை நிற்கிற இடத்துக்குப் போகக் கூடாது. நீர்க்காகம் மூழ்குகிற இடத்துக்குப் பயமில்லாமல் போகலாம். கூழைக்கடா மிதந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சேற்றுத் திட்டில் சப்பணமிட்ட மாதிரிக் குந்தியிருக்கும் கூழைக்கடாவும் தூரத்துக்கு மிதப்பது போலத்தான் தெரியும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் போன் திருத்துகிற கடைக்காரன். தோணி இரவல். வீராப்பு மட்டும் சொந்தம்.

தோணி சேற்றில் வழுக்கி ஏறியது. இஞ்சின் இருமிவிட்டு நின்றது. குடாவில் இருந்த பறவைகள் அத்தனையும் எழும்பி எங்களைத் திட்டிக்கொண்டே போயின.

முன்னால் இருந்த பக்கீர் மச்சான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவர் என் மனைவி இன்ஷிராவின் மூத்த சகோதரர். இறங்கித் தள்ளலாமா என்று கேட்டேன். அவர் துடுப்பை எடுத்து வெளியே குத்தினார். பாதிக்கு மேல் சேற்றுக்குள் போய்விட்டது. பின்னேரம் தண்ணீர் பெருகும் வரைக்கும் இருக்க வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது. அதனால் புருஷன் பெண்சாதிக்குள் பிரச்சினை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதும் அவன்தான். பெருநாளுக்கு வந்திருந்த சொந்தங்களுக்கு முன்னால், இன்ஷிரா சாரதிப் பரீட்சையில் மறுபடியும் தவறிய கதையை நான் நடித்துக் காட்டினேன். நான் குந்தியிருந்த கதிரைதான் கார். மாமியின் பூச்சாடிதான் மோதுண்ட மதில். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் காலை என் சாரன்களும் சேட்டுகளும் ஒரு பைக்குள் வாசலில் இருந்தன. அழகாக மடித்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். சாதாரண நாளில் அவள் என் சேட்டை மடிப்பதே இல்லை.

அன்றிலிருந்து கடையில்தான் படுக்கை. திரும்பி வரலாமா கூடாதா என்று கேட்டால் ஒருவரும் நேராகச் சொல்கிறார்கள் இல்லை. அல்லாஹ் நல்லதையே நாடுவான் என்கிறார் மாமி. இன்ஷிரா போனையே எடுப்பதில்லை. எடுத்தால் நான் பகிடி விட்டுச் சிரிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். பக்கீருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அரசாங்கக் கந்தோரில் பைல் பார்த்துப் பார்த்து, ஓம் என்றோ இல்லை என்றோ சொல்கிற பழக்கம் அவரிடம் விட்டுப்போயிற்று. அதனால்தான் மீன் பிடிக்கப் போவோம் என்று சொல்லி, அவர் எழும்பிப் போக முடியாத இடத்துக்குக் கூட்டி வந்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பூரண வெற்றி.

கொஞ்ச நேரத்தில் பறவைகள் திரும்பி வந்தன. எங்களை ஒதுங்கிய மரக்கட்டைகள் என்று எடுத்துக்கொண்டன போலும். முதலில் நீர்க்காகங்கள் ஆழத்தில் இறங்கி, முங்கி முங்கி மீனைத் திட்டுப் பக்கம் விரட்டின. மீன் ஓடி வந்த இடத்தில் வெள்ளைக் கொக்குகள், சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டு எப்போது வரும் என்று காத்திருக்கும் விருந்தாளிகள் மாதிரி நின்றன. மஞ்சள் மூக்கு நாரை வாயைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கியது. பயந்த மீன் தானாக வாய்க்குள் வரவேண்டும் என்ற ஏற்பாடு. கரண்டிவாயன் மா அரிக்கிற மாதிரி அலகை இடமும் வலமும் ஆட்டியது. எல்லாருக்கும் நடுவில் கூழைக்கடா வந்து ஒரே அள்ளாக அள்ளியது.

கொழும்பிலிருந்து கருத்தரங்குக்கு வருகிற யாராவது கண்டிருந்தால், எத்தனை இனம், என்ன ஒற்றுமை என்று படம் எடுத்திருப்பார். உற்றுப் பார்த்தால் ஒன்றின் வாயிலிருந்து மற்றது பறித்துக்கொண்டிருந்தது. கடற்காகம் நீர்க்காகத்தைத் துரத்தியது. கொக்கைக் கொக்கு கொத்தியது. ஆனால் ஒன்றும் விட்டுப் போகவில்லை. கொத்து வாங்கிய கொக்கு கொஞ்சம் தள்ளி நின்று, இறகை உதறிவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. கொக்கைப் பார்த்துக் கண் கலங்கிய முதலாவது போன் கடைக்காரன் நானாகத்தான் இருக்கும்.

"மச்சான், இன்ஷிரா என்ன சொல்றா?"

"அந்த நாரை காலப் போடுற விதத்தப் பாருங்க."

"நாரை கிடக்கட்டும். என்னை வரச் சொல்றாவா, இல்லையா?"

"அது ரெண்டு பக்கமும் யோசிக்க வேண்டிய விசயம். உங்கட பக்கமும் இரிக்கி, அவட பக்கமும் இரிக்கி."

"நீங்க எந்தப் பக்கம்?"

"நான் நடுவில, மச்சான். சேத்துக்குள்ள."

அப்போது அவருடைய போன் அடித்தது. இன்ஷிராதான். பகல் சோத்துக்கு மீன் கொண்டு வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். மீன் கிடைத்ததா என்று கேட்டிருக்க வேண்டும். மீன் இருக்கிறது, ஆனால் எங்களிடம் என்று சொல்ல முடியாது என்றார். எங்கே நிற்கிறீர்கள் என்றதற்கு, கிட்டத்தட்டத் தண்ணீரில், கொஞ்சம் சேற்றிலும் என்றார். யாரோடு என்று அவள் கேட்டபோது அவர் போனை என் கையில் தந்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான முடிவு எடுத்ததை நான் கண்டதில்லை.

"நீங்களா?" என்றாள்.

"ஓம்."

"சேத்தில இறுக்கினது நீங்கதானே?"

"ஓம்."

வாயில் பகிடிகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் நல்ல பகிடிகள். ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

"புள்ள, அண்டைக்கு நடிச்சுக் காட்டினது பிழை. ஆக்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு நிப்பாட்ட ஏலாமப் போச்சு. நீங்க சிரிச்சது சிரிப்பில்ல எண்டு எனக்கு அப்பவே விளங்கினது. நான் ஊட்டுக்கு வரட்டா, வேணாமா?"

குசினியில் எதையோ அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பக்கீர் மச்சான் கொக்கை முதன்முதலாகக் காண்கிறவர் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பயும் சிரிச்சுக்கிட்டா கேக்கிறீங்க?"

"இல்ல."

"வாங்க," என்றாள். "கோவம் இன்னும் போகல்ல. நீங்க கடையில போய்ப் படுத்துக்கிட்டா, நான் ஆரோட கோவிக்கிற?"