யாருக்கும் சொல்லாதீர்கள்

மாணவர் தேர்தலுக்கென்று நான் எழுதிய வாக்குப்பதிவு மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். மொத்த நிரலும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. நான்கு வருட வேலை அது. ஒரு சனி, ஞாயிறு மிச்சமில்லை. முன்பின் தெரியாத ஊர்களில் இருபது கல்லூரிகள் அதை வைத்துத் தேர்தல் நடத்திவிட்டன. திருச்செங்கோட்டில் நான் வேலை பார்க்கிற பொறியியல் கல்லூரி மட்டும் அசையவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இந்த வருடம் ஆய்வுக்குழு வருகிறது, தேர்தல் நடந்ததாகக் காட்ட வேண்டும் என்றதும் முதல்வரே கூப்பிட்டு விட்டார். எனக்கு அப்போதே சந்தோஷப்படத் தெம்பில்லை.

தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பையன்கள், வெண்ணந்தூரிலிருந்து வருகிற தீபிகா. இந்தக் கல்லூரியில் ஒரு பெண் நிற்பது இதுதான் முதல் தடவை. பெண்கள் பேருந்து சாயங்காலம் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறது, ஆய்வகத்தில் உட்கார்ந்து படிக்க முடிவதில்லை, அதை மாற்றுவேன் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாள். பெண்கள் எழுநூறு பேர் இருக்கிறார்கள். அவள் ஜெயித்துவிடுவாள் என்று நானே நம்பினேன்.

தேர்தல் நாள் காலை ஒன்பது மணிக்கு எல்லா மாணவர்களின் கைபேசிக்கும் ஆளுக்கொரு ஆறு இலக்க எண் போனது. அதைப் போட்டால்தான் வாக்குப் பக்கம் திறக்கும். நான்கு மணி வரை செல்லும். குறுஞ்செய்தியின் வாசகமும் என்னுடையதே: 'இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகங்களுக்கு' என்று போட்டு, கீழே என் கைபேசி எண்.

ஒன்பது பத்துக்கு முதல் அழைப்பு வந்தது.

"ஏனுங்க, ஏதோ நம்பரு வந்திருக்குது. நான் லோன் எதும் கேக்கலீங்களே?"

யார் பேசுவது என்று கேட்டேன். எடப்பாடியில் தறி ஓட்டுகிறாராம். மகள் இங்கே இரண்டாம் வருடம் படிக்கிறாளாம். அடுத்தடுத்து அழைப்புகள். எல்லாரும் அப்பாக்கள். ஒருவர் என்னை மோசடிக்காரன் என்று திட்டியே வைத்தார். பத்து மணிக்குத்தான் எனக்கு உறைத்தது.

தேர்தலுக்கு முன் அலுவலகத்தில் மாணவர்களின் கைபேசி எண்களை எக்செல்லில் கேட்டு வாங்கியிருந்தேன். யாருடைய எண் என்று கேட்கவில்லை. சேர்க்கையின்போது எல்லாரும் கொடுப்பது அப்பா எண். பையன்கள் பிறகு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துத் தங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் மாற்ற வேண்டுமென்றால் அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு விதி இங்கே இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இங்கே குப்பை கொட்டுகிற எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை.

பெண்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார்கள். சில அப்பாக்கள் எண்ணைச் சொன்னார்கள். சிலர் யாருக்குப் போடப் போகிறாய் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்கள். பலர் சொல்லவே இல்லை. ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன்.

"நீங்கதானுங்க போட்டிருக்கறீங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னு?"

அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு தீபிகா நான் இருந்த கணினி ஆய்வகத்துக்கு வந்தாள். அவளுக்கே இன்னும் எண் கிடைக்கவில்லை. அவள் அப்பா சின்னராஜ் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"டவரே இல்லீங்க சார். காலைலிருந்து அடிச்சுட்டே இருக்கறேன். சாயந்தரம் ரோட்டுக்கு வந்தாத்தான் எடுப்பாரு. ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி வெக்கலாமுங்களா? நீங்கதான எழுதுனீங்க?"

நான்தான் எழுதினேன். வாக்குப்பதிவு தொடங்கியபின் முடிகிற நேரத்தை யாராலும், எழுதியவனாலும்கூட, மாற்ற முடியாதபடி எழுதினேன். எண்களையும் அப்படியே பூட்டினேன். அதைப் பாராட்டித்தான் எங்கெங்கிருந்தோ எனக்குக் கடிதம் வந்தது. கையில் இருந்தது ஒரே வழி, தேர்தலையே ரத்து செய்வது. அவளைக் கூட்டிக்கொண்டு முதல்வரிடம் போனேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரத்து பண்ணிருங்க. தேர்தல் வெச்சோம், பொம்பளப் புள்ளைங்களால பிரச்சனை ஆயிப்போச்சுன்னு குழுவுக்கு எழுதிக் குடுத்தரலாம். அடுத்த வருஷத்துல இருந்து பழையபடி நாமளே ஆளப் போட்டுக்கலாம்."

என் தப்புக்குப் பெண்கள்மேல் பழி. எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்துகிற வயதெல்லாம் போய்விட்டது போலிருந்தது. வெளியே வந்ததும் தீபிகா சொன்னாள்.

"ரத்து பண்ணாதீங்க சார். அப்பறம் எந்தப் புள்ளையும் நிக்கவே முடியாது. நான் தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

பத்தொன்பது வயதுப் பெண் அப்படிச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சரி என்று மட்டும் சொன்னேன். மூன்றே முக்கால் வரை அவள் ஆய்வக வாசலில் நின்று அழைத்துக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்குப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. ஒரு பிசகும் இல்லாமல், நான் எழுதியபடியே.

தீபிகா அறுபத்து மூன்று வாக்கில் தோற்றாள். வாக்களிக்க முடியாத பெண்கள் இருநூற்று நாற்பத்தொரு பேர். ஜெயித்த பையனுக்குக் கைகொடுத்துவிட்டு, "போன்ல சார்ஜே தீந்துபோச்சுங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனாள். நிரல் கிடக்கிற இணையதளத்தில் என் தப்பை எழுதி வைக்க உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை.

ஏழு மணிக்குக் கைபேசி அடித்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்.

"சாருங்களா? தீபிகா அப்பா சின்னராஜ் பேசறனுங்க. வண்டி மேல ஏறி நின்னு பேசறேன், இங்கதான் டவர் எடுக்குது. புள்ளகிட்ட இருந்து நாப்பது மிஸ்டு கால் வந்து கெடக்குது. இப்ப நான் அடிச்சா ஆஃப்ல இருக்குது. எலக்சன்ல நிக்கறேன்னு சொல்லியிருந்துச்சுங்க. அந்த நம்பர உங்ககிட்டச் சொல்லலாமுங்களா? யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குது, அதான் கேக்கறேன்."

"சொல்லுங்க."

ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னார். கையில் கிடைத்த தாளில் எழுதினேன். சரியா என்று திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"புள்ள ஓட்டு அதுக்கே உழுகலைன்னா எப்படிங்க. உழுந்துருமுங்களா சார்?"

"உழுந்துருமுங்க" என்றேன்.