அக்காவின் நெஞ்சில் ஒரு குறுக்குவழி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கும் என் அக்கா, மாத்திரை அட்டையை மேசையில் போட்டுவிட்டு, "நீதான் கதை எழுதுறியே, இதுக்கு ஒரு முடிவு சொல்லேன்" என்றாள். அன்றைக்குப் பிடித்த குழப்பம் இது.

முதல் வரி: அவள் இதயம் வெறிபிடித்த குதிரையைப் போல

(அக்கா சொல்லி அந்த வரியை அடித்துவிட்டேன். "குதிரையெல்லாம் வேண்டாம்டா. படபடன்னு அடிச்சுது, அவ்வளவுதான்.")

2

நடந்தது இதுதான். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்சாரம் இறங்க ஒரு வழிதான் இருக்க வேண்டும். அக்காவுக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அது தெரியாத டாக்டர் ஒருவர், படபடப்புக்கு வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்தார். அது நேர்வழியை மட்டும் மந்தமாக்கியது. மேலறைகள் தாறுமாறாகத் துடித்த ஒரு காலையில், அத்தனையும் குறுக்குவழியில் பாய்ந்து, கீழறைகளும் தறிகெட்டுத் துடித்தன. நீச்சல்குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் அக்கா மயங்கிச் சாய்ந்தாள். அவளிடம் மிதக்கப் பழகிக்கொண்டிருந்த வங்கி ஊழியர் ஒருவர்தான் தாங்கிப் பிடித்தார். (அவருக்கு நீந்தத் தெரியாது. இது நான் சேர்த்ததல்ல.) மருத்துவமனையில் மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள்.

3

இதய மருத்துவர் மாத்திரையை மாற்றினார். புதியது குறுக்குவழியையே அடக்குவது. பிறகு படபடப்பு வரவில்லை. ஆனால்

(இந்த 'ஆனால்' அக்காவுடையது.)

"மாத்திரையால வரலையா, சும்மாவே வரலையா? எப்படிடா தெரியும்?"

"நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

"நிறுத்தட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்க்கா!"

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, குறுக்குவழியைச் சுட்டுவிடவும் முடியும். பெரும்பாலும் சரியாகிவிடுமாம். அக்காவுக்கோ அந்தக் குறுக்குவழி நேர்வழியை ஒட்டியே ஓடுகிறது. கொஞ்சம் பிசகினால் நேர்வழியும் போய்விடும். பிறகு ஆயுளுக்கும் பேஸ்மேக்கர்.

4

முடிவு ஒன்று: குறுக்குவழியைச் சுட்டுவிடச் சம்மதிக்கிறாள். மறுபடியும் ஆழமான பக்கத்தில் குதிக்கிறாள். படிக்கக் கொடுத்தேன். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று மருத்துவமனைக்குப் போன் போடப் போனாள். பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினேன்.

முடிவு இரண்டு: மாத்திரையோடு இருக்கிறாள். மறுபடி மயங்கிவிடக் கூடாதே என்று தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே கற்றுத்தருகிறாள். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். "கரையில நின்னு கத்துறதுக்கு நான் எதுக்குடா?" என்றாள்.

முடிவு மூன்று:

எழுத வரவில்லை. மாத்திரையா, சுடுவதா என்று மருத்துவர் பதில் கேட்டிருக்கிறார். அக்கா எதிரே உட்கார்ந்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நீங்களாவது சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், அவள் அப்படியே செய்துவிடுவாள்.