கொண்டுபோகிறவர் பெயர்

குவைத்துக்குப் புறப்படுகிறவன் வீடு தேடி வந்தால் அவனை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் சேவூரில் கிடையாது. முறுக்கு, ஊறுகாய், இட்லிப்பொடி என்று மூட்டை கட்டி அவன் தலையில் ஏற்றிவிடுவார்கள். சந்தவாசல் குமரேசனுக்கும் அந்த மரியாதை நடந்தது. ஆனால் அவன் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்ததும் நெசவுக்காரர் சுப்பராயலு தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பொடி டப்பாவுக்குள் மாத்திரை இருந்தது.

மகன் ஜெயக்குமாருக்குப் பதினாலு வயதில் வந்த வலிப்பு. ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டால் வராது. விஷயம் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் மருமகள் பானுப்ரியாவுக்குத் தெரியாது. குவைத் கம்பெனிக்கும் தெரியாது. அங்கே அவனுக்குக் கிடங்கில் உயரமான ஏணியில் ஏறிப் பெட்டி அடுக்குகிற வேலை. மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று சுப்பராயலு நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தால் தறியில் கை ஓடாது.

இதுவரை மச்சான் மகன் தருமன்தான் பொடி டப்பாவைத் திறந்து பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். ஜெயக்குமார் கையில் இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது. அதனால்தான் மனைவி கன்னியம்மாள் மருமகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத குமரேசன் முன்னால் மூட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

குமரேசன் பொடிக்குள் விரலை விட்டு அட்டையை இழுத்தான். அதன் முதுகில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்தது.

“இன்னாங்க இது?”

“தலைவலி மாத்திரைப்பா,” என்றாள் கன்னியம்மாள்.

“இன்னா மாத்திரையா வேணா இருக்கட்டும்மா. டாக்டர் சீட்டு வேணும். சீட்டுல கொண்டு போறவன் பேரு இருக்கணும். போன வருஷம் என் கூட வந்தவனை ரெண்டு நாள் உக்கார வெச்சிட்டாங்க.”

“விக்கவா போறோம்? எங்க புள்ளைக்குத்தானே,” என்றார் சுப்பராயலு.

“அது எனக்குத் தெரியுது. ஏர்போர்ட்ல நிக்கிறவனுக்குத் தெரியணும்ல. நான் சனிக்கிழமை போறேன். சீட்டு வாங்கியாங்க, எடுத்துகினு போறேன்.”

சீட்டுதானே, அரை மணி நேர வேலை என்று மறுநாள் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார் சுப்பராயலு. மருந்து கொடுக்கும் ஜன்னலில் எல்லப்பன் இருந்தான். இத்தனை வருஷமாகத் தெரிந்தவர் என்று கேள்வி கேட்காமல் மாத்திரை கொடுத்தவன். குவைத் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

“ஊர்ல இல்லாதவனுக்கா வாங்கிகினு போன? இது இங்க வந்து நிக்கிற நோயாளிக்குக் கொடுக்கறது நைனா. என்னைப் பேஜார்ல மாட்டி வுட்டுடுவ போலக்குது.”

அங்கிருந்து போய்ப் பார்த்த டாக்டரம்மா கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். அதுதான் இன்னும் குழப்பியது. “அவரே நேர்ல வந்து, தனக்குன்னு கேட்டு, தன்னோட எடுத்துட்டுப் போறதா இருந்தா எழுதித் தரலாம். இன்னொருத்தர் கையில கொடுத்தனுப்ப நான் எழுத முடியாதுங்க.”

சுப்பராயலு வேப்பமரத்தடியில் நின்று யோசித்தார். நோயாளி போனால் மாத்திரை போகலாம். நோயாளி போயாகிவிட்டது. மாத்திரை இங்கே நிற்கிறது. மாத்திரைக்காக நோயாளி திரும்பி வரலாம். வருவதற்கு லீவு கேட்க வேண்டும். லீவு எதற்கு என்று கேட்டால் மாத்திரைக்கு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூடாது என்பதற்குத்தானே இத்தனையும். அரசாங்க முத்திரை இல்லாமல் கடையில் வாங்கினால்? கடைக்காரனும் சீட்டு கேட்பான், அந்தச் சீட்டில் ஏர்போர்ட்டில் பெயர் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் பெயரில் வந்து முட்டியது. ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தாலும் தொட்டுப் பார்த்தே பிடித்துவிடுகிற மனுஷனுக்கு இதில் தலை எது வால் எது என்று தெரியவில்லை.

பெயர்தானே வேண்டும்? பளிச்சென்று ஒன்று தோன்றியது. சந்தவாசல் பஸ்ஸைப் பிடித்துக் குமரேசன் வீட்டுக்குப் போனார்.

“உன் பேர்லயே சீட்டு வாங்கிடறேன்பா. வேலூர்ல ஏதாவது ஒரு டாக்டரு எழுதிக் கொடுப்பாரு. உனக்கு இருக்குதுன்னு சொல்லிகினு எடுத்துகினு போயிடு.”

“இன்னா இருக்குதுன்னு?”

சுப்பராயலு தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியைத் தவிர வெளியே எங்கும் சொல்லாத சொல். “வலிப்பு,” என்றார்.

குமரேசன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். “நான் அங்க லாரி ஓட்டறேங்க. வலிப்புன்னு என் பேர்ல ஒரு காகிதம் இருந்தா எவன் வண்டி கொடுப்பான்? அங்கயே ஆஸ்பத்திரி இருக்குது, அவரு காட்டலாமே.”

“காட்டினா அவன் வேலை போயிடும்பா.”

“அப்ப என் வேலை போலாங்களா?”

சத்தம் போடாமல்தான் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சுப்பராயலுவுக்கு. தன் பிள்ளை தலையில் இருக்கிறதைத் தூக்கி அடுத்தவன் பிள்ளை தலையில் வைக்கப் பஸ் ஏறி வந்திருக்கிறோமே என்று கூசிப் போனார். கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மாவிடம் மறுபடி போனார். “மாத்திரை வேணாங்க. அவன் பேர்லயே ஒரு கடுதாசி மட்டும் கொடுங்க. நாளைக்குப் போறவன்கிட்ட குடுத்தனுப்பறேன், அங்க இருக்கிற டாக்டர்கிட்ட காட்டட்டும்.”

“அது தாராளமா தரேன். கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்னு பயந்தீங்களே?”

“பயந்தான் இருக்குது. ஏணி மேல இருந்து வுழுந்தான்னு போன் வர்றதுக்கு இது தேவலை.”

கடுதாசி இங்கிலீஷில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பானுப்ரியாவிடம் நீட்டினார். கன்னியம்மாள் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். “அவகிட்ட எதுக்குக் குடுக்கிறீங்க? இன்னா பண்றீங்க?”

“தெரிலடி. ரெண்டு நாளா ஒண்ணும் தெரில. இது ஒண்ணு மட்டும் செய்யணும்னு தோணுது.” அவள் கையை விலக்கினார். “படிச்சி சொல்லுமா, சரியா எழுதிருக்காங்களான்னு.”

பானுப்ரியா நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“எத்தினி வருஷமா மாமா?”

“பதினாலு வயசுல இருந்து.”

“எங்க வீட்டுக்கு நீங்க வந்தப்பவே இருந்துது.”

“இருந்துதுமா.” தலையைத் தூக்க முடியவில்லை அவரால். பொய் சொன்ன காலத்தில்கூட இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. கன்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பானுப்ரியா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கடுதாசியை மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள். மேலே புருஷன் பெயரை எழுதிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தாள். அன்று முழுக்க அவள் ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளோ, போனால் எந்த முகத்தோடு தடுப்பது என்று சுப்பராயலு தறியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு என்பதால் ஜெயக்குமார் சாயங்காலம் போன் பண்ணுவான். முதலில் அம்மா, அப்புறம் அப்பா, கடைசியில் மிச்சம் இருக்கிற இரண்டு நிமிஷம் பானுப்ரியாவுக்கு. மணி அடித்தது. கன்னியம்மாள் எழுந்தாள்.

“நீங்க இருங்க அத்தை,” என்று சொல்லிவிட்டுப் பானுப்ரியா போய் எடுத்தாள்.

அந்தப் பக்கம் அவன் என்னவோ கேட்டான்.  இவள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மாத்திரை எத்தினி மீதி இருக்குது?” என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். லைன் போய்விட்டதோ என்று சுப்பராயலு தறியை விட்டு எழுந்து வந்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் பானுப்ரியா. “எண்ணிச் சொல்லுங்க. நான் போனை வெச்சிட மாட்டேன்.”