சுவர் நகர்ந்த ஓர் அடி

எங்கள் தெருவில் எத்தனை வீடுகளை நாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோமோ, அத்தனை அடிக்கு நம் வீடு நீளும். எதிர்வீட்டு சுந்தரேசன் சார் வாழ்நாள் முழுக்க வேண்டாம் சொன்னவர். கிழக்கு வாசல் இல்லை, தண்ணீர் உப்பு, மாடியில் நாய். அவர் வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்கு ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

நானும் என் மனைவி பூங்காவனமும் எந்த வீட்டையும் வேண்டாம் என்றதில்லை. கிடைத்ததில் இருந்தோம். அதனால் எங்கள் வீடு ஒரு பாய் அகலம். அவளுக்கு நிறைமாதம். அவள் படுப்பாள், நான் சுவரோரம் நிற்பேன். பிறக்கப்போகும் குழந்தையை எங்கே போடுவது என்பது ஒன்றுதான் எங்கள் கவலை.

அளவுக்காரர் வந்தார். டேப்பை என் வாய்க்குள் விட்டு அளந்தார்.

"ஒரு வேணாம் கூட இல்லியே சார்."

"இப்ப சொன்னா கணக்குல வருமா?"

"சும்மா சொன்னா செல்லாது. அவங்க வீட்டைக் குடுக்கறேன்னு சொல்லணும், நீங்க வேணாம்னு சொல்லணும்."

வீடு பார்க்கக் கிளம்பினோம். வழியெல்லாம் வேண்டாம் சொல்லிப் பழகினோம். பூங்காவனத்துக்கு அழகாக வந்தது. எனக்குப் பாதியிலேயே அது 'சரி' என்று மாறிவிட்டது.

முதல் வீட்டில் ஓனரம்மா கதவைத் திறக்கவில்லை. அவளே கதவாக இருந்தாள். தாழ்ப்பாள் வழியாகப் பேசினாள்.

"கறி மீனு சமைப்பீங்களா?"

"சமைப்போம்மா."

"நீங்க என்ன ஆளுங்க?"

சொன்னேன். கதவு இருந்த இடத்தில் செங்கல் சுவர் இருந்தது. பூச்சு வேலைகூட முடிந்திருந்தது.

அடுத்த வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. பூங்காவனத்தின் வயிற்றை மட்டும் பார்த்தார்.

"மாசமா இருக்கறவங்க வீடு மாத்தக்கூடாதும்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்ல மனிதர். மாடிப்படியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று முழுக்க வீடுகள்தான் எங்களை வேண்டாம் என்றன. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் ஓர் அடி நீண்டது. எனக்கு வயிறு எரிந்தது. தெருவே நீண்டுவிட்டதால் வீடு திரும்ப வெகுநேரம் நடக்க வேண்டியிருந்தது.

எங்கள் பாயில் அளவுக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு இடமில்லை, வாசலில் நின்றோம். அங்கேயே பூங்காவனத்துக்கு வலி கண்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பிறகு வலி சட்டென்று நின்றுவிட்டது.

அளவுக்காரர் எழுந்து டேப்பை அவள் வயிற்றில் வைத்தார். அதில் காதை வைத்துக் கேட்டார்.

"இருங்க. உள்ளேர்ந்து பேசுது."

"என்ன சொல்லுது?"

"இந்த வீடு வேணாமாம்."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்க குடுக்கறீங்க, அது வேணாங்குது. தாராளமா செல்லும்."

சுவர் ஓர் அடி நகர்ந்தது. ஒரு குழந்தையைப் படுக்கவைக்கச் சரியான இடம். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

"அப்ப எப்ப பொறக்கும்?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"பொறந்தா இந்த வீட்டுக்கு ஒத்துக்கிட்டதா ஆயிடும்மா. சுவரு பழைய இடத்துக்கே வந்துடும்."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பூங்காவனத்துக்கு நிறைமாதம் இன்னும் முடியவில்லை. அவளுக்குப் பின்னால் கல்யாணம் ஆன தங்கையின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த ஓர் அடியில் பழைய புடவையை மடித்து விரித்திருக்கிறோம். தினமும் அவள் அதை உதறிப் போடுகிறாள். நான் அங்கே கால் வைப்பதில்லை. இப்போதும் சுவரோரம்தான் நிற்கிறேன்.

சில நாள் அவளுக்குத் தாங்காது. வயிற்றில் கை வைத்து, "வந்துடு கண்ணு, அம்மா மடியில போட்டுக்கறேன்" என்பாள்.

சுவர் மெல்ல உள்ளே நகரும். நான் அவள் வாயைப் பொத்துவேன்.